எண்ணிக்கையில் ஒன்று கூடுதல்

பேய் வருவதற்கு அமாவாசை இருட்டும் நாய் ஊளையும் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. வியாழக்கிழமை, மாலை நான்கு மணி இருபத்தாறு நிமிடம். எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அறுபது பேர் கைதட்டுவதற்காகவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கதை கட்டுகிறவன் இப்படி ஒரு வேளையைத் தேர்ந்தெடுப்பானா? நடந்த நேரம் அதுதான். மாற்றிச் சொல்ல வழியில்லை.

யாருக்கு நடந்ததோ அவள் இன்றைக்கும் அதே கட்டடத்தில், மூன்றாம் மாடியில், ஜன்னலோரத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். கணினிக்கு நிரல் எழுதுகிறவள். எதை எடுத்தாலும் பட்டியல் போடுவாள். காய்கறிக்கு ஒன்று, குழந்தைகள் தொலைத்த பென்சிலுக்கு ஒன்று. கணவரோடு சண்டை வந்தால்கூட ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுத்தான் திட்டுவாள். ஆகவே அலுவலகம் முழுக்க அவளுக்குப் பெயர் பட்டியலம்மா. ஒரே ஒருவர் மட்டும் "பட்டியலு" என்பார்.

அவர் டேப் அண்ணன்.

மற்றவர்களுடைய பழைய ஆவணங்களை வாங்கிப் பத்திரமாக வைத்துக் கொடுப்பது அந்த நிறுவனத்தின் தொழில். மருத்துவமனைகளின் எக்ஸ்ரே, தொழிற்சாலைகளின் வரைபடம், பள்ளிக்கூடங்களின் மதிப்பெண் ஏடு. 'எங்களிடம் எதுவும் தொலையாது' என்று கடிதத் தாளிலும், வாசல் மிதியடியிலும், காபிக் கோப்பையின் அடியிலும் அச்சடித்திருந்தார்கள். ஒன்றும் தொலையாமல் உண்மையிலேயே பார்த்துக்கொண்டவர் கீழ்த்தளத்தில் இருந்தார். எல்லாவற்றுக்கும் கணினிக் காந்த டேப்பில் ஒரு நகல் எடுத்து அடுக்கிவைக்கிற வேலை. முப்பத்தொரு வருடம். அங்கே ஃபோன் சிக்னல் வராது, வெயில் வராது, மேலதிகாரிகளும் வரமாட்டார்கள். மூன்றாவதுதான் பெரிய சௌகரியம் என்பார்.

அந்த டேப் அறைக்கு ஒரு குணம் உண்டு. நெருப்பு புகாத இரும்புக் கதவு. கையை எடுத்தால் தானாகச் சாத்திக்கொண்டு பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து திறப்பதானாலும் சாவி வேண்டும். விளக்குச் சுவிட்ச் வேறு வெளியே. இதைக் கட்டியவன் யாரோடு கோபமாக இருந்தானோ தெரியாது. டேப் அண்ணன் ஒரு காலி டேப் பெட்டிக்கு நீல ஒட்டுநாடா சுற்றி, கதவடியில் முட்டுக் கொடுத்துவைப்பார். "இதுதான் என் உயிரு" என்று அதைக் காலால் தட்டிக் காட்டுவார்.

நிறுவனத்தின் தலைவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் தொலைநோக்கு. ஒரு பேச்சில் அந்த வார்த்தையைப் பதினேழு முறை சொன்னார் என்று பட்டியலம்மா எண்ணி எழுதிவைத்திருக்கிறாள். டேப்பெல்லாம் பழங்கதை, இனிமேல் எல்லாம் புது சர்வர் என்று அவர் முடிவு செய்திருந்தார். கீழ்த்தள நடையை அகலப்படுத்தி, பளபளவென்று தரை போட்டு, ஒரு சர்வர் மையம் திறக்கப் போகிறார். திறப்பு விழா வியாழக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை டேப் அண்ணன் ஓய்வு பெறும் நாளாக அமைந்தது.

அன்று மாலை நான்கு மணிக்குப் பிரிவுபசாரம். தலைவர் நாற்பத்திரண்டு நிமிடம் பேசினார். புது சர்வரைப் பற்றி நாற்பது, டேப் அண்ணனைப் பற்றி இரண்டு. அதில் ஒன்று மைக் வேலை செய்யாமல் போனது. வியாழக்கிழமை விழாவில் அண்ணனையும் மேடையேற்றுவோம் என்றார். டேப் அறைச் சாவியை வெல்வெட் தட்டில் வைத்து ஒப்படைக்கச் சொன்னார். புகைப்படத்தில் தலைவரின் மோவாய் சரியாக விழவில்லை என்று அண்ணன் அதே சாவியை மூன்று தடவை ஒப்படைத்தார். பதிலுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கிடைத்தது. வேலை முடிந்தவனுக்கு மணி எதற்குத் தெரியணும் என்று பட்டியலம்மாவின் காதருகே கேட்டார். அவள் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினாள்.

"டிபன் கேரியர் கீழயே இருக்கு பட்டியலு. எடுத்துக்கிட்டு அப்படியே கிளம்பிடறேன்."

மணி நாலு ஐம்பத்தைந்து. கடிகாரப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். ஓய்வு பெற்றதும் வெளிநாட்டிலிருக்கும் மகளிடம் போய்விடுவேன் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்தானே. மேடையேற்றும் பேச்சை மறந்து, போய்விட்டார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

விழாவுக்குத் தலைவர் ஒரு காட்சி வைத்திருந்தார். அவர் பொத்தானை அமுக்குவார். பெரிய திரையில் பழைய சர்வரில் எத்தனை ஃபோல்டர், புதிய சர்வரில் எத்தனை என்று இரண்டு எண்கள் ஓடி, சமமாக வந்து நிற்கும். பச்சை வெளிச்சம். கைதட்டல். அந்த எண்களை எடுக்கும் நிரலைப் பட்டியலம்மா எழுத வேண்டும். சரியாக வந்தால் அதே மேடையில் அவளுக்கு நிரந்தரப் பணி ஆணை. ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் உண்டா என்று கடைசி நாள்வரை தெரியாது. கணவரின் கடை போன வருடம் மூடியது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆணை வந்தால்தான் மூச்சு.

நிரல் பெரிய வித்தையில்லை. அதற்கென்றே ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்தமாக எழுதிவைத்த நிரல் தொகுப்பு, இருக்கிறது. ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லும். பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும் தானே நடந்து போகும். அதற்குள் இருப்பதைச் சொல்லும். அதற்குள்ளும் போகும். மனிதர்களைப் போல, இங்கே என்ன இருந்துவிடப் போகிறது என்று பாதியில் திரும்பாது. பதினோரு வரியில் எழுதி முடித்தாள்.

திங்கட்கிழமை காலை 11.10க்கு முதல் முறை ஓடவிட்டாள்.

புதியது: 4,12,305. பழையது: 4,12,306.

ஒன்று கூடுதல்.

நகல் எடுக்கும்போது ஒன்று விட்டுப்போயிருக்கும் என்று இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். விட்டுப்போகவில்லை. பழைய சர்வரில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. மற்றதெல்லாம் வாடிக்கையாளர் எண்கள். இது மட்டும் தமிழில்.

கீழே

உள்ளே ஒன்றுமில்லை. உருவான நேரம் திங்கள், காலை 11.04. ஆறு நிமிடத்துக்கு முன்னால்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று அழிக்கப் போனாள். அனுமதி இல்லை என்றது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு டேப் அண்ணன் கடைசி வேலையாக சர்வர் அறையிலிருந்து பழைய சர்வரைப் பூட்டிவிட்டுத்தான் மேலே வந்தார். இனிமேல் அதைப் படிக்கலாம். யாராலும் அதில் எழுத முடியாது. ஒரு காற்புள்ளிகூட.

அப்படியானால் இதை எழுதியது...

அண்ணனையே கேட்டுவிடலாம் என்று ஃபோன் போட்டாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. விமானத்தில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்வதில் ஒரு சௌகரியம், அதற்கு யாரும் அத்தாட்சி கேட்பதில்லை.

செவ்வாய் காலை கூடுதல் இரண்டு. மாலை மூன்று. ஒன்றுக்குள் ஒன்றாக.

கீழே / கதவு / சாத்தியிருக்கு

நேரம் 10.32. நேரம் 3.15. பக்கத்து மேசைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, லைப்ரரியில் ஏதோ கோளாறு அக்கா, புதுப் பதிப்பு போட்டுப் பாருங்க என்றான். போட்டுப் பார்த்தாள். வேறொரு லைப்ரரியைக் கொண்டு எழுதிப் பார்த்தாள். லைப்ரரி இல்லாமல் கையாலேயே திறந்து பார்த்தாள். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னன.

புதன் காலை நான்காவது வந்தது. 9.40.

பலகை

மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியிறங்கினாள். கீழ்த்தளத்தில் விழா மேடை தயாராகிக்கொண்டிருந்தது. நடையின் கோடியில், டேப் அறைக் கதவு இருந்த இடத்தில், சுவரை அடைத்து ஒரு விளம்பரப் பலகை. அதில் தலைவர். பதினோரு அடி உயரம். கையை நெற்றிக்குக் கொடுத்துத் தூரத்தில் எதையோ பார்க்கிறார். காலடியில் 'எங்களிடம் எதுவும் தொலையாது'.

பலகையின் ஒரு மூலை தரையில் சரியாக உட்காரவில்லை. கீழே ஏதோ முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

காலி டேப் பெட்டி. நீல ஒட்டுநாடா சுற்றியது.

பலகைக்காரர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். இங்கே ஒரு கதவு இருந்ததே என்று கேட்டாள். இருந்துச்சும்மா, திறந்தே கெடந்துச்சு, சாத்திட்டுப் பலகையை நிறுத்தினோம் என்றார். எப்போது என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை, ஐந்து மணி சுமாருக்கு.

"உள்ள யாராச்சும் இருந்தாங்களா?"

"பாக்கலியேம்மா. லைட்டு வீணா எரிஞ்சுது. அணைச்சோம்."

அவள் பலகையில் உள்ளங்கையை வைத்தாள். தலைவரின் முழங்கால் இருக்கும் இடம். ஜில்லென்று இருந்தது. காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. துளை போடும் எந்திரம் வேறு கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

நிர்வாகப் பிரிவில் போய் டேப் அறைச் சாவி கேட்டாள். அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்து வரவேற்பறையில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 'கடந்து வந்த பாதை' என்று தலைப்பு. எடுக்க வேண்டுமானால் தலைவர் கையெழுத்து. அண்ணன் மகளின் எண்ணைக் கேட்டாள். விழா முடியட்டும், தேடித் தருகிறோம் என்றார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

12.20.

குளிருது

வியாழன் காலை நிரலை ஓடவிட அவளுக்கு விரல் வரவில்லை. மதியம்வரை தள்ளிப்போட்டாள். ஓடவிட்டபோது ஆறாவது தயாராகக் காத்திருந்தது. உருவான நேரம் 11.52.

பட்டியலு

அப்படிக் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான்.

2.40.

பாத்தியா

மூன்று மணிக்குத் தலைவர் அறையில் போய் நின்றாள். அவர் கண்ணாடி முன் பேச்சைப் பழகிக்கொண்டிருந்தார். அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சொன்னாள். டேப் அண்ணன் உள்ளே இருக்கலாம், பலகையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்க வேண்டும், பத்து நிமிட வேலைதான்.

அவர் கோபப்படவில்லை. பெரிய மனிதர்கள் அவ்வளவு சுலபத்தில் கோபப்படமாட்டார்கள். அதற்குத் தனியாக ஆள் வைத்திருப்பார்கள். அண்ணன் மகளிடம் சுகமாக இருக்கிறார் என்றார். தனக்குத் தெரியுமாம். எப்படித் தெரியும் என்று கேட்கிற இடத்தில் அவள் இல்லை.

"அப்ப அந்த ஏழு ஃபோல்டர் சார்? எண்ணிக்கை பொருந்தாது."

"பட்டியல் சரியில்லேன்னா பட்டியலைச் சரி பண்ணுங்கம்மா. அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கோம்."

மேசைமேல் ஒரு உறை கிடந்தது. அதில் அவள் பெயர். அவர் அதைத் தொடவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

அவள் இடத்துக்குத் திரும்பினாள்.

எந்தப் பட்டியலிலும், வேண்டாததைத் தாண்டிப் போக ஒரு வழி உண்டு. எல்லா நிரலாளரும் செய்வதுதான். ஒரே ஒரு வரி. இந்தப் பெயரில் தொடங்கினால், உள்ளே போகாதே. விட்டுவிடு.

அந்த ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கும். எண்ணிக்கையில் மட்டும் இருக்காது.

4.10. மடிக்கணினியோடு கீழ்த்தளம் போனாள்.

4.20. மேடை ஓரத்தில் உட்கார்ந்தாள். பின்னால் பலகை. முதுகில் குளிர்.

4.24. அந்த வரியை எழுதினாள்.

கீழே. விட்டுவிடு.

4.25. கை நின்றது.

பிள்ளைகளை நினைத்தாள்.

4.26.

ஓடவிட்டாள்.

4,12,305.

4,12,305.

சரி...

நாலரைக்குத் தலைவர் பொத்தானை அமுக்கினார். எண்கள் ஓடின. நின்றன. பச்சை வெளிச்சம். அறுபது பேரும் எழுந்து கைதட்டினார்கள்.

பிறகு நிறுத்தினார்கள்.

ஒரு கைதட்டல் மட்டும் நிற்கவில்லை.

டப்... டப்... டப்...

நிதானமாக. ஒரே அளவாக.

பலகைக்குப் பின்னாலிருந்து.

எதிரொலி என்று எல்லோரும் நினைத்தார்கள். புது மண்டபமல்லவா. தலைவர் அந்தப் பக்கம் திரும்பி, நெஞ்சில் கை வைத்து வணங்கினார்.

டப்...

நின்றது.

அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கால் போனது, அவள் போனாளா என்று அவளுக்குத் தெரியாது. உறையைக் கையில் கொடுத்துவிட்டுத் தலைவர் மைக்கில் ஒரு நகைச்சுவை சொன்னார். "இன்னும் இருபத்துநாலு வருஷம் இந்தம்மா இங்கேர்ந்து எங்கயும் போக முடியாது." எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் கணவர் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு அழுதார். பிள்ளைகள் குதித்தன. அவள் குளித்தாள். மறுபடி குளித்தாள். குளிர் போகவில்லை. வெள்ளிக்கிழமை உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு அலுவலகத்துக்கு ஒரு வெளிநாட்டு அழைப்பு. டேப் அண்ணனின் மகள். அப்பா விழா முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை விமானத்தில் வருவதாகச் சொன்னாரே, இன்னும் வரவில்லையே, ஃபோனும் எடுப்பதில்லையே, விழாவில் மரியாதையெல்லாம் நன்றாகச் செய்தீர்களா என்று கேட்டாள். மகளைப் பொறுத்தவரை அப்பா அலுவலகத்தில் பத்திரமாக இருந்தார். அலுவலகத்தைப் பொறுத்தவரை மகளிடம் பத்திரமாக இருந்தார்.

பட்டியலம்மா ஓடினாள். வரவேற்பறைக் கண்ணாடிப் பேழையை நாற்காலியால் உடைத்தாள். இந்த முறை யாரிடமும் கையெழுத்துக் கேட்கவில்லை. பத்து நாள் தாமதமாக வந்த தைரியம். பலகையைக் கழற்ற நான்கு பேர் வந்தார்கள். கீறல் விழாமல் எடுக்கும்படி மேலேயிருந்து உத்தரவும் வந்தது.

கதவை ஒட்டி உள்பக்கம் உட்கார்ந்திருந்தார். சாய்ந்துகூட இல்லை. மடியில் கடிகாரப் பெட்டி. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த டிபன் கேரியர். டேப்புகளுக்காக வைத்த குளிர் அவரை அப்படியே வைத்திருந்தது.

போலீஸ் வந்தது. மருத்துவர் வந்தார். மாரடைப்பு என்றார். வெள்ளிக்கிழமை, இரவு ஏழு மணிக்குள். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இருந்திருக்க முடியாது, இதில் சந்தேகமே வேண்டாம் என்றார். தலைவர் நீளமாக மூச்சு விட்டார். "நல்லவேளை" என்றார். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். உடனே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவளுக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. திங்கட்கிழமை திறந்திருந்தாலும் பயனில்லை. புதன்கிழமை திறந்திருந்தாலும். தன்மேல் தப்பில்லை...

அப்போது போலீஸ்காரர் டார்ச்சைக் கதவின் உள்பக்கம் திருப்பினார்.

லேபிள்கள். டேப் பெட்டியில் ஒட்டுகிற சின்ன வெள்ளை லேபிள்கள். ஒன்றன்கீழ் ஒன்று, ஒவ்வொன்றும் மேலதைவிட ஒரு விரல்கடை வலது பக்கம் தள்ளி. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இருப்பதை டேப் அண்ணன் பெட்டிகளின் மேல் அப்படித்தான் எழுதுவார். அவருடைய கையெழுத்தேதான். இருட்டில் எழுதியது போலக் கோணல்மாணல் இல்லை. அளவெடுத்த மாதிரி நேராக இருந்தது. சொல்லுக்குப் பக்கத்தில் கிழமை, நேரம்.

கீழே, திங்கள் 11.04. கதவு, செவ்வாய் 10.32. சாத்தியிருக்கு, செவ்வாய் 3.15. பலகை, புதன் 9.40. குளிருது, புதன் 12.20. பட்டியலு, வியாழன் 11.52. பாத்தியா, வியாழன் 2.40.

ஏழு. அவளுக்குத் தெரிந்த ஏழு.

அதற்குக் கீழே எட்டாவது ஒன்று இருந்தது.

விட்டுட்ட. வியாழன் 4.26.

அந்த அறையில் கணினி இல்லை. போன மாதமே எடுத்துவிட்டார்கள். கம்பி இணைப்பையும் அறுத்துவிட்டார்கள். பேனா அவர் சட்டைப் பையில், மூடி போட்டபடி இருந்தது.

அறையில் இருந்தவற்றுக்கெல்லாம் போலீஸ்காரர் பட்டியல் எழுதினார். டேப் பெட்டிகள், முக்காலி ஒன்று, கடிகாரம் ஒன்று, கேரியர் ஒன்று. எழுதுகிற கான்ஸ்டபிள் லேபிள்களை எப்படிக் குறிப்பது என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் மருத்துவரின் தாளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"தேதி ஒத்துப்போகல. அதை விட்டுடுங்க."

விசாரணை முடிந்தது. யார்மேலும் குற்றமில்லை. பலகையை மறுபடி மாட்டினார்கள். மூலை இன்னும் ஆடியதால் அதே நீலப் பெட்டியை முட்டுக் கொடுத்தார்கள். டேப் அண்ணனுக்காக அலுவலகத்தில் ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். அதற்கு முன்னால் தலைவர் பதினைந்து நிமிடம் பேசினார்.

பட்டியலம்மா வேலையை விடவில்லை. விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. தினமும் மாலை நிரல் தானாக ஓடும். இரண்டு எண்களும் பொருந்தும். அறிக்கை மேலே போகும். அந்த ஒரு வரி அங்கேயே இருந்தது. அவள் திரையில் அந்த இடம் வந்தால் கண்ணை எடுத்துக்கொள்வாள்.

மூன்று மாதம் கழித்து, பழைய சர்வரை நிரந்தரமாக அணைப்பதாக அறிவித்த அன்று, மதியச் சாப்பாட்டு வேளையில், மாடியில் யாருமில்லாதபோது, அந்த வரியை நீக்கினாள். ஏழோ எட்டோ, கடைசியாக ஒரு தடவை முழுப் பட்டியலையும் படித்துவிட நினைத்தாள். அந்த மனிதருக்கு அதையாவது செய்யலாம். மணி 1.17.

பழையதில் 4,12,305. கீழே என்று தொடங்கிய ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை.

புதியதில் 4,12,309. நான்கு கூடுதல்.

பட்டியலு / கீழே / கதவு / சாத்தியிருக்கு

உருவான நேரத்தைப் பார்த்தாள். மாலை 5.05. வெள்ளிக்கிழமை. மாதமும் நாளும் இருந்தன. வருடம் மட்டும் வெகுதூரம் தள்ளியிருந்தது. இருபத்துநாலு வருடம். கணினியின் கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்று நினைத்து அறைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டாள். சரியாகத்தான் ஓடியது.

அந்தத் தேதியை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்று மேசையில் தேடினாள். இழுப்பறையில் தேடினாள். அடியில் அந்த உறை கிடந்தது.

நிரந்தரப் பணி ஆணை. இரண்டாம் பக்கம். கடைசிக்கு முந்தைய வரி.

'ஓய்வு பெறும் நாள்'.

அதே தேதி.

அவள் காலண்டரைத் திருப்பிக் கணக்குப் போட்டாள். அன்று வெள்ளிக்கிழமைதான்.

உறையைத் திரும்ப அடியில் வைத்து இழுப்பறையைச் சாத்தினாள். படியில் சாப்பிட்டுத் திரும்புகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. 1.31. மாலையில் மேலே அறிக்கை போக வேண்டும்.

நீக்கிய வரியைத் திரும்ப எழுதினாள். இந்த முறை அதில் தன் பெயரைப் போட்டாள்.

எண்ணிக்கை பொருந்தியது.